கிரீன்ஸ்பரோவ மூணாப் பிரிச்ச கோடு: நார்த் கரோலினா தொகுதி மேப்பும் கோர்ட்டும்

வந்த கேள்வி, 23 அக்டோபர் 2025

நார்த் கரோலினாவுல எம்பி தொகுதி மேப்ப மறுபடி மாத்திட்டாங்கன்னு நியூஸ்ல வந்துச்சு. 2023லதான மாத்துனாங்க? அடுத்த சென்சஸ் 2030லதான? கோர்ட்டு எதுவும் கேக்காதா? நம்மூர்ல டீலிமிட்டேஷன் கமிஷன்னு ஒண்ணு வந்து வரைஞ்சு கொடுத்துட்டுப் போயிடும். அங்க யாரு வரையறாங்க? அங்க இருக்கறவங்க யாராச்சும் வெவரமாச் சொல்லுங்க.

23 அக்டோபர், ராத்திரி

நான் கிரீன்ஸ்பரோவுல இருக்கேன். சிட்டிசன் ஆகி மொதத் தடவ ஓட்டுப் போட்டது 2016ல. அதுலருந்து பாத்தத வச்சு சொல்றேன்.

வரையறது சட்டமன்றம். மாநிலத் தலைநகர் ராலேல உக்காந்திருக்கற எம்எல்ஏக்களே வரையறாங்க, மத்த சட்டம் மாதிரியே ரெண்டு சபையிலயும் மெஜாரிட்டில பாஸ் பண்றாங்க. கவர்னர் இதத் தடுக்க முடியாது. 1996ல கவர்னருக்கு வீட்டோ அதிகாரம் கொடுத்தப்பவே தொகுதி மேப்புக்கு மட்டும் விலக்கு எழுதி வச்சுட்டாங்க. இப்ப கவர்னர் ஜாஷ் ஸ்டைன் டெமாக்ரட், போன வருஷம் மாநிலம் முழுக்கப் பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சவர், ஆனா நேத்து பாஸ் ஆன மேப்ல அவர் கையெழுத்துக்கு எடமே இல்ல.

பத்து வருஷத்துக்கு நடுவுல மாத்தக்கூடாதுன்னு பெடரல் சட்டம் எதுவும் கெடையாது. ஆகஸ்ட்ல டெக்சாஸ்ல ரிபப்ளிகன்களுக்கு இன்னும் அஞ்சு சீட்டு வர்ற மாதிரி மாத்துனாங்க, அடுத்து மிசூரி, இப்ப நாங்க. இங்க 14 சீட்டுல இப்ப ரிபப்ளிகன் 10, டெமாக்ரட் 4. அத 11க்கு 3 ஆக்கறதுதான் நோக்கம்னு மறைக்காமலே சொன்னாங்க.

கை வச்சது வடகிழக்குல இருக்கற 1ஆவது தொகுதி. 1992லருந்து கறுப்பினத்தவங்கதான் அங்க ஜெயிச்சுட்டு வர்றாங்க. இப்ப எம்பி டான் டேவிஸ். வில்சன், வெய்ன், கிரீன் கவுண்டிகள (கவுண்டின்னா நம்மூர் மாவட்டம் மாதிரி) அதுலருந்து உருவி 3ஆவதுல போட்டுட்டாங்க, அதுக்குப் பதிலா க்ரேவன், கார்டரெட், போஃபர்ட்னு கடலோரக் கவுண்டிகளக் கொண்டாந்து சேத்துட்டாங்க. டேவிஸ் வீடு இருக்கற ஸ்னோ ஹில் கிரீன் கவுண்டில இருக்கு, அதாவது அவரோட வீடே அவரோட தொகுதிய விட்டு வெளிய போயிடுச்சு. ஓட்டுப் போடற வயசுல உள்ள கறுப்பின மக்களோட பங்கு 40 சதவீதத்துலருந்து சுமார் 32க்கு எறங்கிடுச்சு.

கோர்ட்டு கேக்காதான்னா, கேக்கும். பதினாலு வருஷமாக் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. அது எப்பக் கேக்குதுங்கறதுதான் என்னோட ஆதங்கம், அத நாளைக்கு எழுதறேன்.

24 அக்டோபர்

2010ல ரிபப்ளிகன்கள் இங்க ரெண்டு சபையையும் புடிச்சாங்க, 1870க்கு அப்பறம் மொதத் தடவ. அது சென்சஸ் வருஷம், அதனால பேனா அவங்க கைக்குப் போச்சு. 2011ல தாமஸ் ஹோஃபெல்லர்ங்கற மேப் நிபுணர் வரைஞ்சு கொடுத்தாரு. அந்த மேப்ல 2012 தேர்தல் நடந்தப்போ மாநிலம் முழுக்க டெமாக்ரட்டுகளுக்கு ஓட்டு கொஞ்சம் கூட, ஆனா 13 சீட்டுல அவங்களுக்குக் கெடச்சது 4. 2014லயும் அதே மேப்புதான். 2016 பிப்ரவரிலதான் பெடரல் கோர்ட்டு 1ஆவது, 12ஆவது ரெண்டும் இனத்த வச்சு வரைஞ்சது, செல்லாதுன்னுச்சு. சுப்ரீம் கோர்ட்டு அத உறுதி பண்ணது 2017 மே மாசம், கூப்பர் எதிர் ஹாரிஸ் வழக்குல. ஆக செல்லாத மேப்ல ரெண்டு தேர்தல் நடந்து, ஜெயிச்சவங்க பதவிக்காலமும் முடிஞ்சு போச்சு.

2016ல புதுசா வரைஞ்சாங்க. இந்தத் தடவ இனத்தப் பாக்கல, கட்சிய மட்டும்தான் பாத்தோம்னு கமிட்டிலயே சொன்னாங்க. 10க்கு 3னு ஏன் வச்சீங்கன்னா, 11க்கு 2 வரைய முடியும்னு தோணல, அதான்னு கமிட்டித் தலைவர் டேவிட் லூயிஸ் சொன்னது ரெக்கார்டுல இருக்கு. அந்த மேப்ல 2016, 2018னு ரெண்டு தேர்தல். 2018ல ரிபப்ளிகன்களுக்குப் பாதி ஓட்டு, முடிவு அறிவிச்ச 12 சீட்டுல 9 அவங்களுக்கு. 2019 ஜூன் 27 சுப்ரீம் கோர்ட்டு 5க்கு 4ல ருச்சோ வழக்குல தீர்ப்பு சொல்லுச்சு: கட்சி நோக்கத்துல வரையறது நியாயத்துக்கு ஒத்து வராமப் போகலாம், ஆனா அத அளக்கறது பெடரல் கோர்ட்டு வேலை இல்ல, மாநிலங்கள் பாத்துக்கட்டும். அதே வருஷம் மாநிலக் கோர்ட்டு தடை போட்டு இன்னொரு மேப், 2020ல 8க்கு 5. 2021ல சென்சஸ் வந்து ஒரு சீட்டு கூடி 14 ஆச்சு, அதுக்கு ஒரு மேப். அத 2022 பிப்ரவரில மாநில சுப்ரீம் கோர்ட்டு 4க்கு 3ல தூக்கிப் போட்டுச்சு, கோர்ட்டு நியமிச்சவங்க திருத்தி வரைஞ்சதுல சரிசமமா 7க்கு 7 வந்துச்சு. 2023ல கோர்ட்டே மாறிப் போச்சு, மறுபடி புது மேப், 2024ல 10க்கு 4. இப்ப 2025.

படிக்கறவங்களுக்குத் தலை சுத்தும், இங்க குடியிருக்கறவங்களுக்கும் அப்படித்தான். இதுல மனசுல வைக்க வேண்டியது ஒண்ணுதான்: மேப் தப்புன்னு கோர்ட்டு சொல்லும்போது அந்த மேப்ல தேர்தல் நடந்து முடிஞ்சிருக்கும். போட்ட ஓட்டுக்குப் பரிகாரம் கெடையாது.

25 அக்டோபர்

நான் மொதல்ல ஓட்டுப் போட்ட கதை இதோட சேந்ததுதான்.

2016 மார்ச் 15 ப்ரைமரி, அதாவது கட்சி வேட்பாளர ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கற தேர்தல். பிப்ரவரில தீர்ப்பு வந்தப்பவே வாக்குச்சீட்டு அச்சாகி, தபால் ஓட்டெல்லாம் போயாச்சு. புது மேப்புக்கு ஜூன் 7 தனி ப்ரைமரின்னு முடிவாச்சு. ஆனா மார்ச் வாக்குச்சீட்டுல காங்கிரஸ் (இங்கத்த நாடாளுமன்றம்) போட்டி அப்படியே இருந்துச்சு. நான் வரிசைல நின்னு சீட்ட வாங்கிட்டு பூத்துக்குப் போறேன், மேல ஜனாதிபதி, கீழ காங்கிரஸ்னு பேரெல்லாம் வரிசையா இருக்கு, பக்கத்துல வட்டம், பேனா கையில. மேசைல இருந்த வயசான அம்மா ஒவ்வொருத்தர்கிட்டயும் பொறுமையா, காங்கிரஸுக்கும் போடுங்க, ஆனா அத எண்ண மாட்டாங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. நான் போட்டேன். வட்டத்த முழுசா கருப்பாக்கினேன். சத்தியப் பிரமாணம் எடுத்து வாங்குன உரிமை, காலியா விட மனசு வரல.

ஜூன்ல திரும்பப் போனா கூட்டமே இல்ல. புது 13ஆவது தொகுதில ரிபப்ளிகன் ப்ரைமரில 17 பேர் நின்னாங்க, ரன்ஆஃப் (முன்னணில வந்த ரெண்டு பேருக்குள்ள மறுதேர்தல்) கெடையாதுன்னு வச்சிருந்ததால டெட் பட் சுமார் 20 சதவீத ஓட்டுல ஜெயிச்சாரு. அவர் இன்னிக்கு செனட்டர். அஞ்சுல ஒருத்தர் ஓட்டு, அதுவும் ஜூன் மாசத்து வெறிச்சோடுன ப்ரைமரில. ஒரு அரசியல் வாழ்க்கைக்கு இவ்வளவு சின்னக் கதவு போதும். பெரிய வழக்கோட பக்கவிளைவு இப்படி எங்கயோ வந்து நிக்குது.

அல்மா ஆடம்ஸ் கதையும் அதே வருஷம்தான். கிரீன்ஸ்பரோக்காரம்மா, இங்க பென்னட் காலேஜ்ல பாடம் நடத்துனவங்க, 12ஆவதோட எம்பி. 2016 மேப்ல 12ஆவது முழுசா சார்லட்டுக்குப் போயிடுச்சு, அவங்களும் வீட்ட மாத்திக்கிட்டு சார்லட் போயிட்டாங்க. இன்னிக்கும் அங்கருந்துதான் எம்பி. எம்பி வீடு மாத்திக்கலாம், ஊரு மாத்திக்க முடியாதே.

26 அக்டோபர், ஞாயிறு

எங்க ஊர்ல இருக்கற நார்த் கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழகத்த ரெண்டாப் பிரிச்சாங்களான்னு கேட்டிருந்தீங்க. ஆமா, கேம்பஸ் நடுவுலயேதான் கோடு போச்சு. 2016 மேப்ல லாரல் ஸ்ட்ரீட்டுக்கு ஒரு பக்கம் 6ஆவது, இன்னொரு பக்கம் 13ஆவது.

நான் அந்தத் தெருவுல நடந்து பாத்திருக்கேன். சாதாரண சின்ன ரோடு, பசங்க முதுகுல பைய மாட்டிக்கிட்டு செல்போனப் பாத்துக்கிட்டே கிராஸ் பண்ணுவாங்க. காலைல ஒரு தொகுதில எந்திரிச்சு, கிளாஸுக்கு இன்னொரு தொகுதிக்குப் போயி, சாப்பாட்டுக்கு மறுபடி இந்தத் தொகுதிக்கு வருவாங்க. செமஸ்டருக்கு ஹாஸ்டல் ரூம் மாறுனா ஓட்டுப் பதிவு அட்ரஸ் மாறும், அதோட எம்பியும் மாறுவாரு. அங்க படிக்கறவங்க பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைங்க, அந்த வகைப் பல்கலைக்கழகங்கள்ல நாட்டுலயே அதிகம் பேர் படிக்கறது இதுலதான். மொத்தமா ஒரே தொகுதில இருந்தா வேட்பாளர் வந்து பேசித்தான் ஆகணும். பாதி பாதியா ரெண்டு பெரிய கிராமப்புறத் தொகுதில கரைஞ்சா யாரும் வர வேண்டியதில்ல.

1960 பிப்ரவரி 1 இந்தக் காலேஜ்ல முதல் வருஷம் படிச்ச நாலு பசங்கதான் டவுன்டவுன்ல உல்வொர்த் கடைல, வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு இருந்த சாப்பாட்டுக் கவுண்டர்ல போயி உக்காந்தாங்க. அவங்க சிலை கேம்பஸ்ல இருக்கு. ஊருக்கு யாராச்சும் வந்தா நான் மொதல்ல அங்கதான் கூட்டிட்டுப் போவேன்.

கோடு 2019 மேப்ல சரியாச்சு, கில்ஃபோர்ட் கவுண்டி முழுசா ஒரே தொகுதிக்குள்ள வந்துச்சு. 2023ல கவுண்டிய மறுபடி மூணாக்கிட்டாங்க. கிரீன்ஸ்பரோ இப்ப 5, 6, 9னு மூணு தொகுதில இருக்கு. நான் இருக்கற பக்கம் 5ஆவது, அது மேற்கே மலைப் பக்கம் போகுது. 9ஆவது தெற்க ஃபோர்ட் ப்ராக் ராணுவ முகாம் பக்கம் போகுது. மூணுலயும் எம்பி ரிபப்ளிகன். மூணு லட்சத்துக்கு ஒட்டுன ஜனம் இருக்கற ஊரு, ஆனா எங்கள நம்பி ஜெயிக்கற எம்பின்னு ஒருத்தர் கெடையாது.

27 அக்டோபர்

ஷேப் கோணல்மாணலா இருந்தா அதுவே ஆதாரம் இல்லையான்னு ஒருத்தர். இல்ல. 1992 மேப்போட 12ஆவது தொகுதி இருந்துச்சே, டர்ஹம்லருந்து கிரீன்ஸ்பரோ, சார்லட் வழியா காஸ்டோனியா வரைக்கும், ஏறக்குறைய 160 மைல், பல எடத்துல ஐ-85 ஹைவே அகலம்தான். காரோட ரெண்டு கதவையும் தெறந்து வச்சுக்கிட்டு அந்த ரோட்டுல ஓட்டுனா தொகுதில பெரும்பாலானவங்க அடிபட்டுச் செத்துருவாங்கன்னு அப்போ எம்எல்ஏ ஒருத்தரே ஜோக் அடிச்சாராம். அது ஷா எதிர் ரீனோ வழக்காகி 1993ல சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு. அத வரைஞ்சது டெமாக்ரட் சட்டமன்றம்.

ஆனா அந்தக் கோணல் தொகுதிதான் மெல் வாட்ட அனுப்புச்சு. அவரும் 1ஆவதுல ஈவா கிளேட்டனும் சேந்து ஜெயிச்சப்பதான், 1901க்கு அப்பறம் மொதத் தடவ இந்த மாநிலத்துலருந்து கறுப்பினத்தவர் காங்கிரஸ் போனாங்க. 2023 மேப்பப் பாருங்க, கோடெல்லாம் ஓரளவு நேராத்தான் இருக்கு, பாக்க அழகாக்கூட இருக்கு. கண்ணுக்கு அழகா ஒரு ஊர மூணா வெட்டலாம். ஷேப்ப விட்டுட்டு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் யாரு இருக்காங்கன்னு பாக்கணும்.

2 நவம்பர்

கட்சிக்காக வரைஞ்சதுன்னு கணக்குல நிரூபிக்க முடியுமான்னு கேட்டவருக்கு. முடியும், அது இங்கயே பக்கத்துல டியூக் பல்கலைக்கழகத்துல நடந்துச்சு. ஜொனாதன் மாட்டிங்லின்னு கணிதப் பேராசிரியர், கம்ப்யூட்டர விட்டு 24,518 மேப் வரைய வச்சாரு. ஜனத்தொகை சமமா, தொகுதி துண்டு துண்டா இல்லாம, கவுண்டிய ரொம்பப் பிரிக்காமன்னு நியாயமான விதி மட்டும் கொடுத்து, கட்சி விவரமே காட்டாம. அதுல 2016 ஓட்டப் போட்டுப் பாத்தா 10க்கு 3 வந்தது 0.7 சதவீத மேப்ல மட்டும்தான். நூத்துக்கு ஒண்ணுகூடத் தேறல. ஜோவே சென்னு இன்னொரு பேராசிரியர் 3,000 மேப் வரைஞ்சாரு, அத்தனையிலயும் டெமாக்ரட்டுக்கு ஒரு சீட்டாச்சும் கூட வந்துச்சு.

டெமாக்ரட்டுங்க சிட்டில நெருக்கமா குடியிருக்காங்க, அதனால சீட்டு கொறையறது இயற்கைன்னு ஒரு வாதம் உண்டு. அதுல உண்மையும் இருக்கு. ஆனா அந்த நெரிசல் இந்தக் கம்ப்யூட்டர் மேப்புகள்லயும் இருக்கே, அதே ஜனம் அதே வீட்டுலதான இருக்கு. அதையும் தாண்டி மிஞ்சற வித்தியாசம் கையால செஞ்சது. ஜஸ்டிஸ் எலினா கேகன் ருச்சோ மாறுபட்ட தீர்ப்புல இந்தக் கணக்கத்தான் வரி வரியா எடுத்து வச்சாங்க, கோர்ட்டுல வாய்விட்டுப் படிச்சாங்க. அளக்கவே முடியாதுன்னு பெரும்பான்மை சொன்ன அதே நாள், அளந்த கணக்கு அதே தீர்ப்புப் புத்தகத்துக்குள்ள இருக்கு. இத நெனைச்சா எனக்கு இன்னும் ஆறல.

2019 செப்டம்பர்ல மாநிலக் கோர்ட்டு சட்டமன்ற மேப்ப மாத்தச் சொன்னப்போ இதே சென் வரைஞ்ச மேப்புலருந்து ஒண்ண எடுக்க, செனட்ல லாட்டரி மிஷினக் கொண்டாந்து பந்து உருட்டுனாங்க. லைவ்ல ஓடுச்சு. ஆபீஸ்ல நாங்க நாலஞ்சு பேரு ஸ்கிரீனச் சுத்தி நின்னு பாத்தோம். பந்து எந்தக் கட்சியும் பாக்காதேன்னு எங்கள்ல ஒருத்தி சொன்னா, அவ சொன்னதுல தப்பே இல்ல.

5 நவம்பர்

நேத்து கலிஃபோர்னியால ப்ரபோசிஷன் 50ன்னு ஜனங்க ஓட்டுக்கு விட்ட திட்டம் ஜெயிச்சிடுச்சு. டெக்சாஸுக்குப் பதிலடியா, சுயேச்சை கமிஷன் வரைஞ்ச மேப்ப 2030 வரைக்கும் ஓரமா வச்சுட்டு, டெமாக்ரட்டுக்கு அஞ்சு சீட்டு கூடற மாதிரி. இப்ப என்ன சொல்றீங்கன்னு கேக்கறாங்க. நியாயமான கேள்வி.

ராத்திரியெல்லாம் யோசிச்சேன். மொதல்ல ஒரு சந்தோஷம் வந்துச்சு, அது உண்மை. அப்பறம் அங்க கிராமப்புறத்துல இருக்கற ரிபப்ளிகன் ஓட்டரு ஒருத்தர நெனைச்சுப் பாத்தேன். அவருக்கு நடக்கப் போறது எனக்கு கிரீன்ஸ்பரோவுல நடந்ததேதான். மேரிலாண்ட்ல டெமாக்ரட்டுகள் 2011ல செஞ்சதும் அதே, ருச்சோ வழக்கோட சேத்து விசாரிச்சதே அந்த மேரிலாண்ட் வழக்கத்தான். கலிஃபோர்னியால ஜனங்களக் கேட்டாங்க, எங்களக் கேக்கலங்கற ஒரு வித்தியாசம் உண்டு, அது சின்ன வித்தியாசம் இல்ல. ஆனாலும் ரெண்டு பக்கமும் பேனாவப் புடுங்கணும்னுதான் நான் சொல்லுவேன். எங்க மாநிலத்துல ஜனங்களே கையெழுத்து வாங்கி சட்டத்தத் தேர்தல்ல வைக்கற வசதி கெடையாது. கமிஷன் வேணும்னா அதுக்கும் அதே சட்டமன்றம்தான் ஓட்டுப் போடணும்.

9 நவம்பர்

அப்ப நம்மூர் கமிஷன் எவ்வளவோ மேல்னு பலபேர் எழுதியிருக்கீங்க. நான் புதுக்கோட்டைக்காரன், அதனால இதுல எனக்குச் சொல்ல ஒண்ணு இருக்கு.

2008 மறுவரையறைல புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே காணாமப் போச்சு. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சில, விராலிமலை கரூர்ல, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைல, அறந்தாங்கி ராமநாதபுரத்துல. ஒரு மாவட்டம், நாலு எம்பி தொகுதி. எங்க சித்தப்பா 2009 தேர்தலுக்கு அப்பறம் ஒரு ரயில்வே விஷயமா மனு எழுதி வச்சுக்கிட்டு, இத யாருகிட்டடா கொடுக்கறதுன்னு போன்ல கேட்டாரு. ஒவ்வொருத்தருக்கும் நம்ம மாவட்டம் ஓரந்தான், நடு கெடையாதுன்னாரு. இங்க மூணாப் பிரிஞ்சப்ப எனக்கு அந்தப் பேச்சுதான் ஞாபகம் வந்துச்சு.

ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. அங்க ஓய்வுபெற்ற சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜ் தலைமைல கமிஷன், ஜனத்தொகைக் கணக்கு, வரைவ வெளியிட்டு ஜனங்ககிட்ட ஆட்சேபம் கேட்டாங்க. ஒரு கட்சிக்கு இத்தன சீட்டுன்னு எலக்கு வச்சு வரையல. கொறை என்னன்னா, அரசியல் சட்டம் 329ஆவது பிரிவுப்படி கமிஷன் உத்தரவக் கோர்ட்டுல கேள்வி கேக்கறது ரொம்பக் கஷ்டம். இங்க எல்லாத்தையும் கேக்கலாம், வருஷக்கணக்கா கேக்கலாம், அதுக்குள்ள தேர்தல் முடிஞ்சிடும்.

இன்னொண்ணையும் போட்டுக் கொழப்பாதீங்க. தமிழ்நாட்டோட 39 சீட்டுல கொறையுமாங்கற சண்டை வேற, அது மாநிலங்களுக்குள்ள சீட்டப் பங்கு போடற சண்டை, 1971 சென்சஸோட நிறுத்தி வச்சிருக்கறது. இங்க அந்தப் பங்கு பத்து வருஷத்துக்கு ஒரு தடவ தானா மாறும், அதுல தகராறு கம்மி. சண்டையெல்லாம் மாநிலத்துக்குள்ள கோடு போடறதுலதான்.

14 நவம்பர்

7க்கு 7 வந்த மேப்ப 2023ல எப்படி மாத்த விட்டாங்கன்னு நிறையப் பேர். ஒரே காரணம், ஜட்ஜ் தேர்தல்.

இங்க மாநில சுப்ரீம் கோர்ட்டு ஏழு ஜட்ஜையும் ஜனங்கதான் ஓட்டுப் போட்டு எடுக்கறோம், கட்சிப் பேரோட. 2022 பிப்ரவரில டெமாக்ரட் 4, ரிபப்ளிகன் 3, தீர்ப்பும் 4க்கு 3. அந்த நவம்பர்ல ரெண்டு சீட்டு ரிபப்ளிகன் பக்கம் போயி 5க்கு 2 ஆச்சு. ஜனவரில புது ஜட்ஜுங்க வந்தாங்க, சட்டமன்றத் தலைவர்கள் மறுவிசாரணை கேட்டாங்க, பிப்ரவரில சரின்னாங்க, மார்ச்ல விசாரணை, ஏப்ரல் 28 பழைய தீர்ப்பு ரத்து. கட்சி நோக்க மேப்ப மாநில அரசியல் சட்டமும் தடுக்கலைன்னுட்டாங்க. முப்பது வருஷத்துல 214 மறுவிசாரணை மனு வந்ததுல ரெண்டத்தான் ஏத்துக்கிட்டிருக்காங்கன்னு ஜஸ்டிஸ் அனிதா ஏர்ல்ஸ் எதிர்த்து எழுதுனாங்க. அரசியல் சட்டத்துல ஒரு எழுத்து மாறல. வழக்குல புது ஆதாரம் எதுவும் வரல. மாறுனது ஆளு மட்டும்தான்.

அதே வருஷம் ஜூன் 27, ருச்சோ வந்து சரியா நாலு வருஷம் கழிச்சு, வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட்டு மூர் எதிர் ஹார்பர்ல 6க்கு 3ல, தேர்தல் விஷயத்துல சட்டமன்றத்த மாநிலக் கோர்ட்டு கேள்வி கேக்கலாம்னுச்சு. நல்ல தீர்ப்பு. ஆனா கேக்க வேண்டிய எங்க கோர்ட்டு, நான் கேக்க மாட்டேன்னு ரெண்டு மாசம் முன்னாலயே சொல்லியாச்சு.

அதனால இங்க இருக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனாதிபதிக்கு மட்டும் போட்டுட்டுச் சீட்ட மிஷின்ல விட்டுட்டு வராதீங்க, ஜட்ஜ் பேரு கீழதான் இருக்கும், பின்பக்கமும் திருப்புங்க. 2024ல ஜஸ்டிஸ் அலிசன் ரிக்ஸ் 55 லட்சம் ஓட்டுக்கு மேல பதிவானதுல ஜெயிச்சது 734 ஓட்டுல. அதுக்கப்பறம் அறுபதாயிரத்துக்கும் மேல ஓட்டச் செல்லாதாக்கணும்னு வழக்கு ஓடி, 2025 மே மாசம்தான் முடிஞ்சுது. எங்க தமிழ்ச் சங்கப் பொங்கலுக்கு வர்ற கூட்டம் ரெண்டு பங்கு வந்தா 734 வந்துரும்.

22 நவம்பர்

2023 மேப் மேல இருந்த பெடரல் வழக்குல தீர்ப்பு வந்துருச்சு. கோடையில வின்ஸ்டன்-சேலம்ல விசாரணை நடந்துச்சே, அது. மூணு ஜட்ஜும் மேப் செல்லும்னுட்டாங்க. கட்சிக்காக வரைஞ்சது, இனத்துக்காக வரைஞ்சதுன்னு நிரூபணம் ஆகலன்னு.

2016க்கு அப்பறம் வக்கீலுங்க கத்துக்கிட்ட பாடம் இதுதான். இனம்னு சொன்னா கோர்ட்டு தூக்கிடும், கட்சின்னு சொன்னா பெடரல் கோர்ட்டு கையக் கட்டிக்கும். வடகிழக்குல இனமும் கட்சியும் பிரிச்சுப் பாக்க முடியாத மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. வில்சன்ல இருக்கற ஒரு கறுப்பினப் பாட்டிய, அவங்க டெமாக்ரட்ங்கறதால ஒதுக்குனாங்களா, கறுப்புங்கறதால ஒதுக்குனாங்களான்னு கேட்டா, அவங்களுக்கு விளைவு ஒண்ணுதான்.

27 நவம்பர்

நேத்து அதே மூணு ஜட்ஜுங்க அக்டோபர் மேப்புக்கும் தடை கொடுக்க மறுத்துட்டாங்க. ஆக 2026 தேர்தல் இந்தப் புது மேப்லதான். தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு இத எழுதிக்கிட்டு இருக்கேன், வீட்ல கூப்புடறாங்க.

ஒண்ணு மட்டும் எழுதிட்டுப் போறேன். வழக்கு போட்டு என்ன பிரயோஜனம், விட்டுடலாமேன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. நான் ஒத்துக்க மாட்டேன். 2016 ஆகஸ்ட்ல இங்க 28 சட்டமன்றத் தொகுதி இனத்த வச்சு வரைஞ்சதுன்னு பெடரல் கோர்ட்டு சொல்லியும் அந்த நவம்பர் தேர்தல் அதே தொகுதிலதான் நடந்துச்சு, அப்படி வந்தவங்க அரசியல் சட்டத்த மாத்தறதுக்கே 2018ல திருத்தம் கொண்டாந்தாங்க. அது அநியாயம்தான். ஆனா அந்த வழக்குங்க இல்லன்னா லாரல் ஸ்ட்ரீட் கோடு போயிருக்காது, மாட்டிங்லி கணக்கு ரெக்கார்டுல ஏறியிருக்காது, 2022ல 7க்கு 7 வந்திருக்காது. வழக்க விடக்கூடாது. வழக்கு வேகமா முடியணும், அதுவரைக்கும் சந்தேகத்துல இருக்கற மேப்ல தேர்தல் நடத்தக்கூடாது. 2021 டிசம்பர்ல எங்க கோர்ட்டே 2022 மார்ச் ப்ரைமரிய மே 17க்குத் தள்ளி வச்சுச்சு, வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல. மனசு இருந்தா முடியும்.

3 டிசம்பர்

வேட்புமனு தாக்கல் திங்கட்கெழமை ஆரம்பிச்சிடுச்சு. ப்ரைமரி 2026 மார்ச் 3. கோல்ட்ஸ்பரோவுல இருக்கற தம்பி ஒருத்தர் கேட்டாரு, அண்ணே நான் எந்தத் தொகுதின்னு. கோல்ட்ஸ்பரோ வெய்ன் கவுண்டி, போன தேர்தல்ல 1ஆவது, இப்ப 3ஆவது. அதே மாதிரி வில்சன்ல இருக்கறவங்களும், கடலோரத்துல நியூ பெர்ன் பக்கம் இருக்கறவங்களும் பழைய ஞாபகத்துல போகாதீங்க. மாநிலத் தேர்தல் போர்டு சைட்டுல பேரு, கவுண்டி போட்டா உங்க தொகுதியும் மாதிரி வாக்குச்சீட்டும் வரும். புதுசா பதிவு பண்ண கடைசி நாள் பிப்ரவரி 6. அத விட்டுட்டா முன்கூட்டி ஓட்டுப் போடற நாட்கள்ல நேர்ல போயி அட்ரஸுக்கு ஆதாரம் காட்டி அங்கயே பதிவு பண்ணி ஓட்டும் போட்டுட்டு வரலாம். போட்டோ ஐடி கையில இருக்கணும். ஏர்ல்ஸோட சீட்டும் 2026லதான் தேர்தலுக்கு வருது, நவம்பர் வாக்குச்சீட்டுல தேடிப் பாத்துப் போடுங்க.